இரவுப் படத்தில் சிவப்புப் புள்ளி: சென்சார் போய்விட்டதா?

கேள்வி, 2 ஆகஸ்ட் 2024

போன மாதம் ஒருவரிடமிருந்து பழைய சோனி ஏ6400 கேமரா வாங்கினேன். பகலில் எடுத்தால் படம் பளிச்சென்று இருக்கிறது. நேற்று இரவு சிங்கப்பூர் எஸ்பிளனேட் பாலத்தில் ட்ரைபாட் போட்டு, 20 வினாடி வைத்து மரினா பே பக்கம் எடுத்தேன். எல்லாப் படத்திலும் வலது மேல் மூலையில், அதே இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி. பெரிதாக்கினால் இன்னும் பத்துப் பன்னிரண்டு, நீலமும் பச்சையுமாக. விற்றவர் "என்னிடம் இருந்தபோது அப்படி எதுவும் இல்லையே" என்கிறார். வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் சில்லு செத்துவிட்டதா? தேசிய தின வாணவேடிக்கைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது. திருப்பிக் கொடுப்பதா, ரிப்பேருக்குக் கொடுப்பதா?

பதில், 2 ஆகஸ்ட், இரவு 11.20

சாகவில்லை தம்பி. சென்சாரில் வெளிச்சத்தை வாங்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பிக்சல். செத்த பிக்சல் என்றால் கறுப்பாக இருக்கும், எவ்வளவு வெளிச்சம் விழுந்தாலும் எதுவும் சொல்லாது. எப்போதும் ஒரே நிறத்தில், பகல் படத்திலும் எரிந்துகொண்டிருந்தால் அது ஸ்டக் பிக்சல், மாட்டிக்கொண்ட பிக்சல். பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு, ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைத்தால் மட்டும் எரிவது ஹாட் பிக்சல். உங்களுடையது மூன்றாவது வகைபோலத் தெரிகிறது. மூன்றையும் ஒரே பெயரில் 'டெட் பிக்சல்' என்று எல்லோரும் சொல்வதால்தான் பாதிப் பயம் வருகிறது.

இப்போதே ஒரு சோதனை. லென்ஸ் மூடியைப் போடுங்கள். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 100, 1/60 வினாடியில் ஒரு படம். அப்புறம் அதே ஐஎஸ்ஓவில் 30 வினாடியில் ஒன்று. மெனுவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன் அணைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேமரா தானே துடைத்துவிட்டுத் தரும். இரண்டையும் கணினியில் 100 சதவீதத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

சென்சார் தூசியோடு இதைக் குழப்ப வேண்டாம். தூசி சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியில் உட்காருவது. வெளிர்ந்த வானத்தில், எஃப் 16, எஃப் 22 என்று அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, சுருக்கும்போது சாம்பல் நிறத்தில் விளிம்பு மங்கித் தெரியும், எஃப் 2.8க்குத் திறந்தால் காணாமல் போகும். பிக்சல் கோளாறுக்கும் அப்பர்ச்சருக்கும் சம்பந்தமே இல்லை.

3 ஆகஸ்ட், காலை 7.05

முதலில் கேட்க வேண்டியதை நேற்று விட்டுவிட்டேன். புள்ளி சென்சாரில்தான் இருக்கிறதா, உங்கள் மானிட்டரில் இருக்கிறதா? படத்தை மவுஸால் பிடித்து இழுங்கள். படம் நகரும்போது புள்ளியும் கூட நகர்ந்தால் படத்தில் இருக்கிறது. படம் போய் புள்ளி மட்டும் அங்கேயே நின்றால் மானிட்டர். கேமராவின் பின் திரையில் பார்ப்பவர்கள் மெனுவைத் திறந்து பாருங்கள், மெனுவுக்கு மேலும் புள்ளி தெரிந்தால் அது திரையின் கோளாறு.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை, கேமராவைப் பையில் போட்டு, அப்போது கைக்குழந்தையாக இருந்த மகளையும் தூக்கிக்கொண்டு, எம்ஆர்டி ரயில் இரண்டு முறை மாறி சேவை நிலையத்துக்குப் போனேன். வரிசையில் காத்திருந்து, கோபமாகப் பேசுவதற்கு இரண்டு வாக்கியம் மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். கவுண்டரில் இருந்த பெண் மெமரி கார்டை அவர் கணினியில் போட்டார். புள்ளியைக் காணோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் என் மானிட்டரில், எக்செல் தாளின் நடுவே, அதே பச்சைப் புள்ளி உட்கார்ந்திருந்தது.

3 ஆகஸ்ட், இரவு 9.40

தம்பி சோதித்துவிட்டுச் சொன்னார்: 1/60இல் ஒன்றுமே இல்லை, 30 வினாடியில் நாற்பதுக்கு மேல். ஆகவே ஹாட் பிக்சல்தான். படுத்துத் தூங்குங்கள்.

ஏன் வருகிறது? ஒவ்வொரு பிக்சலும் வெளிச்சத்தை எலக்ட்ரானாக மாற்றிச் சேர்த்து வைக்கும் ஒரு சின்னக் கிணறு. வெளிச்சமே இல்லாவிட்டாலும் வெப்பத்தாலேயே கொஞ்சம் எலக்ட்ரான் ஊறும், அதை டார்க் கரன்ட் என்பார்கள். சிலிக்கானில் எங்காவது நுண்ணிய குறை இருந்தால் அந்தக் கிணற்றில் மட்டும் ஊற்று அதிகம். 1/60 வினாடியில் அது தெரியாது. 30 வினாடியில் நிரம்பி வழிகிறது. வெப்பம் சுமார் 6 முதல் 8 டிகிரி கூடினாலே இந்த ஊற்று இரண்டு மடங்காகும். நம் ஊரில் நள்ளிரவில்கூட வெப்பம் அவ்வளவாக இறங்குவதில்லை. அதற்கு மேல் லைவ் வியூவில், அதாவது கேமராத் திரையில் நேரலையாக, அரைமணி நேரம் ஃபிரேம் பார்த்துக்கொண்டே இருந்தால் சென்சாரே சூடாகிவிடும். குளிரூட்டிய படுக்கையறையில் விரல்விட்டு எண்ணிய புள்ளிகளை, வாசல் நடைபாதையில் அரைமணி நேரம் வீடியோ ஓடவிட்ட பிறகு எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன்.

அதனால் பாலத்தில் கேமராவை ஆன் செய்தே வைத்திருக்காதீர்கள். ஃபிரேம் வைத்தாயிற்றா, அணையுங்கள்.

விமானத்தில் போய்வந்தீர்களா? சாங்கி விமான நிலையத்தில் பை எக்ஸ்ரேக்குள் போனதில் வந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம்.

3 ஆகஸ்ட், இரவு 10.15

"அப்படியென்றால் கேமராவை ஃபிரிட்ஜில் வைக்கலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, வேண்டாம். நம் ஊர்க் காற்றில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் இரண்டு நிமிடத்தில் எப்படி வியர்க்கும் என்று பார்த்திருக்கிறீர்களே, லென்ஸும் சென்சார் கண்ணாடியும் அப்படித்தான் வியர்க்கும். புள்ளி போகும், பூஞ்சை வரும். ஈரத்தை உறிஞ்சும் டிரை கேபினெட் பெட்டி போதும்.

4 ஆகஸ்ட், மதியம்

தம்பியின் அடுத்த புதிர்: கேமராவிலிருந்து வந்த ஜேபெக்கில் புள்ளி இருக்கிறது, அதே படத்தின் ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாத மூலக்கோப்பு) லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தால் இல்லை. பேயா என்கிறார்.

பேய் இல்லை. லைட்ரூமும் அடோபி கேமரா ராவும் ரா ஃபைலைத் திறக்கும்போதே, பக்கத்து பிக்சல்களோடு ஒத்துப்போகாமல் தனியாகக் கத்தும் பிக்சலைப் பார்த்தால் கேட்காமலே அமுக்கிவிடும். அதற்கு மெனுவில் பொத்தான்கூடக் கிடையாது. இலவசமாக வேண்டுமென்றால் ரா தெரபியில் ஹாட் பிக்சல் ஃபில்டர் இருக்கிறது, டார்க்டேபிளில் 'ஹாட் பிக்சல்ஸ்' என்றே ஒரு பகுதி இருக்கிறது. ஜேபெக் மட்டும் எடுப்பவர்களுக்குத்தான் உண்மையான தொல்லை. ரா எடுப்பவர்களில் பலருக்குத் தங்கள் சென்சாரில் எத்தனை புள்ளி என்பதே தெரியாது, நிம்மதியாக இருக்கிறார்கள்.

இன்னொரு கேள்வி, ஏன் எப்போதும் சிவப்பாகவே கண்ணில் படுகிறது? தற்செயல்தான். எந்த பிக்சல் கெட்டதோ அதன் தலையில் இருக்கும் நிறம் வரும்.

4 ஆகஸ்ட், இரவு

மேலே "தற்செயல்தான்" என்று எழுதியது அரைவேக்காடு. சாப்பிட்டுவிட்டு யோசித்தேன்.

கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான சென்சாரில் இருக்கிறது: பாதி பிக்சலுக்குப் பச்சை வடிகட்டி, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். உங்கள் 6000க்கு 4000 சென்சாரில் 2 கோடியே 40 லட்சம் பிக்சல், அதில் 1 கோடியே 20 லட்சம் பச்சை. அப்படியானால் கெட்டுப்போனவற்றிலும் பாதி பச்சையாகத்தானே இருக்க வேண்டும்? இருக்கின்றன. மூடி போட்டு எடுத்த இருட்டுப் படத்தில், அதாவது என் டார்க் ஃபிரேமில், எண்ணினேன், பச்சைதான் அதிகம். ஆனால் பகல் வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் வொய்ட் பேலன்ஸில் சிவப்பையும் நீலத்தையும் கேமரா பெருக்கிக் கொடுக்கும், அதனால் அவை கூடுதலாக ஒளிர்கின்றன. மஞ்சள் தெருவிளக்குக்கு ஏற்ப வைத்தால் நீலத்துக்குத்தான் பெருக்கல் அதிகம், அப்போது நீலப் புள்ளிகள் முந்திக்கொண்டு தெரியும்.

ஒரு பிக்சல் ஏன் கூட்டல் குறிபோலப் பரவித் தெரிகிறது என்பதற்கும் இதுவே காரணம். ஒவ்வொரு பிக்சலுக்கும் ஒரு நிறம்தான் தெரியும், மற்ற இரண்டையும் பக்கத்து வீட்டில் கடன் வாங்கும். கெட்ட பிக்சலிடம் கடன் வாங்கியவர்கள் எல்லோருக்கும் அதன் நிறம் ஒட்டிக்கொள்கிறது.

5 ஆகஸ்ட்

சரி, தீர்வு. பிக்சல் மேப்பிங். கேமரா தானே இருட்டில் ஒரு படம் எடுத்துப் பார்த்து, யார் யார் கத்துகிறார்கள் என்று பெயரெழுதி வைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அவர்கள் சொல்வதைக் கேட்காது, அருகில் இருக்கும் அதே நிறப் பிக்சல்களைக் கேட்டு அந்த இடத்தை நிரப்பும். பிக்சல் குணமாகவில்லை, வாக்குரிமை போய்விட்டது, அவ்வளவுதான். 2 கோடியே 40 லட்சத்தில் நூறு பேருக்கு வாக்கு இல்லை என்றால் முடிவு மாறாது.

ஒலிம்பஸ், பென்டாக்ஸ், ஃபுஜிஃபில்மில் 'பிக்சல் மேப்பிங்' என்றே மெனுவில் இருக்கும். பானசோனிக்கில் 'பிக்சல் ரெஃப்ரெஷ்'. நிக்கானின் இசட் வரிசையில் பல மாடல்களில் இருக்கிறது. பழைய டிஎஸ்எல்ஆர் என்றால் சேவை நிலையத்துக்குத்தான் போக வேண்டும். கேனனில் அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காதவர்கள் செய்வது: மூடியைப் போட்டபடியே மேனுவல் சென்சார் கிளீனிங்கைத் தேர்ந்து, ஒரு நிமிடம் விட்டு, கேமராவை அணைப்பது. நான் என் பழைய கேனனில் செய்திருக்கிறேன், மூன்று புள்ளியில் இரண்டு போனது, மூன்றாவது பிடிவாதம்.

சோனியின் புதிய மாடல்கள் சிலவற்றில் மெனுவில் வந்துவிட்டது. உங்களுடையது போன்றவை அவ்வப்போது அணைக்கும்போது தானாகவே செய்துகொள்ளும். அதை அவசரப்படுத்தப் பலர் செய்வது, தேதியை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்து, அணைத்து, ஒரு நிமிடம் கழித்து ஆன் செய்வது. மாதம் மாறிவிட்டது என்று நினைத்து வேலையைச் செய்துவிடும். பேட்டரி நிறைய இருக்கட்டும், மூடி போட்டிருக்கட்டும். படம் எடுத்த சூட்டோடு செய்ய வேண்டாம், ஒலிம்பஸ் கையேட்டிலேயே ஒரு நிமிடமாவது காத்திருக்கச் சொல்லியிருக்கும்.

முடிந்ததும் தேதியைத் திருப்பி வையுங்கள்.

6 ஆகஸ்ட்

திருப்பிக் கொடுப்பது பற்றி. சிங்கப்பூரில் 1 செப்டம்பர் 2012இலிருந்து 'லெமன்' சட்டம் இருக்கிறது, பழுதான பொருளுக்கு ரிப்பேரோ மாற்றோ கேட்கலாம், பழைய பொருளுக்கும் பொருந்தும். ஆனால் கடையில் வாங்கினால்தான். தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதற்குப் பொருந்தாது. அதுவும் போக, 30 வினாடியில் நாற்பது புள்ளி என்பதைக் கோளாறு என்று யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். விற்றவர் பொய் சொல்லியிருக்கவும் வேண்டாம், அவர் பகலில் பிள்ளைகளைப் படம் எடுத்திருப்பார்.

8 ஆகஸ்ட், இரவு

நாளைக்கு வாணவேடிக்கை. லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷனை அணைத்துவிட்டுப் போங்கள். அது செய்வது என்னவென்றால், நீங்கள் 10 வினாடி எடுத்தால் ஷட்டரை மூடி இன்னொரு 10 வினாடி இருட்டுப் படம் எடுத்து, முதல் படத்திலிருந்து கழிக்கும். கட்டடத்துக்கு நல்லது. வாணம் உங்களுக்காகப் பத்து வினாடி காத்திருக்காது.

பதிலாக, எல்லாம் முடிந்ததும் கூட்டம் கலையும் வரை அங்கேயே நின்று, மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே வினாடியில் நான்கைந்து டார்க் ஃபிரேம் எடுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்தால் சென்சார் ஆறியிருக்கும், கணக்கு ஒத்துவராது. ரா தெரபியில் அந்த இருட்டுப் படத்தைக் கொடுத்தால் கழித்துக்கொள்ளும். எப்படியும் எம்ஆர்டியில் ஏற ஒரு மணி நேரம் ஆகும், வேறு என்ன வேலை.

10 ஆகஸ்ட்

தம்பி நேற்று எடுத்த வாணவேடிக்கைப் படங்களை அனுப்பியிருந்தார். அருமை. மூலையிலிருந்த பெரிய சிவப்புப் புள்ளி போயே போய்விட்டது, மற்றதில் பாதி இல்லை. ஆனால் படங்களின் தேதி 9 செப்டம்பர். சொன்னேனே.

சிரிப்பதற்கு எனக்குத் தகுதி இல்லை. என் மச்சினர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா என் கணினியில் இன்றுவரை அவர் சாவி வாங்குவதற்கு முன்பே நடந்திருக்கிறது.

18 ஆகஸ்ட்

வீடியோவில் புள்ளி வந்தால் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வீடியோவில்தான் இது வலிக்கும். ரா கிடையாது, லைட்ரூமின் அமுக்கல் கிடையாது. பழைய டிஎஸ்எல்ஆர் பல, வீடியோவுக்கு எல்லா வரிசையையும் படிக்காது, தாண்டித் தாண்டிப் படிக்கும். கெட்ட பிக்சல் தாண்டிய வரிசையில் இருந்தால் தப்பித்தீர்கள். படித்த வரிசையில் இருந்தால் 1920க்கு 1080இல் அது பட்டாணி அளவுக்குத் தெரியும்.

எங்கள் சித்தப்பா மகள் கல்யாணம், கோயில் மண்டபம். ட்ரைபாடை ஓரமாக நிறுத்தி மணமேடைப் பக்கம் திருப்பிவிட்டு, நான் சாப்பிடப் போய்விட்டேன். இரண்டரை மணி நேர வீடியோ. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து டிவியில் பார்த்தபோதுதான் தெரிந்தது, திரையில் ஓரிடத்தில் சிவப்புப் புள்ளி, ஆடாமல் அசையாமல். வாழ்த்த வந்தவர்கள் மேடைக்குக் கீழே வரிசையாக அதே இடத்தில் நின்று கைகுலுக்கி, உறையைக் கொடுத்துவிட்டு நகர்கிறார்கள். சராசரி உயரமுள்ள பெண்கள் எல்லோருக்கும் நெற்றியில் சரியாகப் பொட்டு. அக்காவின் சீனத் தோழிக்குப் பொட்டு. உயரமான மாமாவுக்குத் தாடையில். ஒரு பையனுக்குத் தலைக்கு மேல் ஆவிபோல மிதக்கிறது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அப்புறம் அப்பத்தா வந்தார். குள்ளமானவர், ஆனால் யாரோ கைபிடித்து மேடைப் படியில் ஏற்றிவிட்டதால் உயரம் ஒத்துப்போய்விட்டது. தாத்தா போனதிலிருந்து நெற்றியில் திருநீறு மட்டும்தான். திரையில், திருநீற்றுக்குக் கீழே, சிவப்பாக, பதினைந்து இருபது வினாடி. அறையில் சத்தம் நின்றுபோனது. அப்பத்தா மட்டும் "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு முறுக்கை உடைத்தார்.

தீர்வைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீடியோ திருத்தும் மென்பொருளான டாவின்சி ரிசால்வின் ஸ்டூடியோ பதிப்பில் டெட் பிக்சல் ஃபிக்ஸர் இருக்கிறது, புள்ளியைக் காட்டினால் பக்கத்து நிறத்தால் மூடிவிடும். மணப்பெண் கேட்டதால் அப்படிச் செய்து கொடுத்தேன். அப்பத்தா வீட்டில் இருப்பது பழைய பிரதிதான்.

19 ஆகஸ்ட்

3ஆம் தேதி எக்ஸ்ரே பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எக்ஸ்ரே ஃபிலிமைக் கெடுக்கும், அதிலும் புதிய சிடி ஸ்கேனர்கள் ஃபிலிம்காரர்களுக்கு எமன். டிஜிட்டல் சென்சாருக்கு அந்த அளவு ஒரு பொருட்டே இல்லை. விமானப் பயணத்தில் சந்தேகப்பட வேண்டியது பறக்கும் நேரத்தை. மேலே போகப் போக விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் நியூட்ரான்கள் தரையைவிடப் பல மடங்கு அதிகம். ஒன்று வந்து இடித்தால் சிலிக்கான் அணு தன் இடத்திலிருந்து தள்ளப்படும், அங்கேதான் ஊற்று பிறக்கும். கேமராவைப் பெட்டியில் போட்டாலும் கையில் வைத்திருந்தாலும் ஒன்றுதான்.

சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து நிக்கானில் எடுத்த இரவுப் படங்களைத் திருத்தாத வடிவில் பெரிதாக்கிப் பாருங்கள், நம் நாற்பது புள்ளி எல்லாம் ஒன்றுமே இல்லை. ஹப்பிள் தொலைநோக்கியில் இதற்காகவே மாதம் ஒருமுறை சென்சாரைச் சூடேற்றுகிறார்கள், பெயர் அனீலிங். குளிரில் வேலை செய்யும் சென்சாரைக் கொஞ்சம் சூடாக்கினால் ஹாட் பிக்சல்களில் பெரும்பகுதி அடங்கிவிடும். உடனே யாரும் ஹேர் டிரையரை எடுக்க வேண்டாம். நம் சென்சார் எப்போதும் அந்தச் சூட்டில்தான் இருக்கிறது.

7 செப்டம்பர்

நட்சத்திரப் படம் எடுப்பவர் ஒருவர் கேட்டதற்காக. இங்கே வானம் வெளிச்சத்தில் ஊறிக் கிடப்பதால் நான் மலேசியாவில் இருக்கும் மெர்சிங் போவேன். ஒருமுறை அக்கா மகனைக் கூட்டிப் போயிருந்தேன். லேப்டாப்பில் படத்தைக் காட்டி "இதோ, இந்தச் சிவப்புதான் செவ்வாய்" என்றேன். அவன் பெரிதாக்கிக்கொண்டே போய், "மாமா, செவ்வாய் சதுரமாகவா இருக்கும்?" என்றான். ஒன்பது வயது.

வழி எளிது. அடுத்தடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். பூமி சுற்றுவதால் நட்சத்திரம் நகரும், ஹாட் பிக்சல் நகராது. படங்களை நட்சத்திரத்துக்கு ஏற்ப ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் தலைகீழாகும்: நட்சத்திரம் நிற்கும், புள்ளிகள் வரிசைகட்டி நேர்கோடாக ஊர்ந்து போகும். டார்க் ஃபிரேம் கொடுத்து அடுக்கினால் அது போய்விடும்.

அளவுக்கு மீறித் துடைத்தாலும் ஆபத்து. சோனியின் சில மாடல்களில் புள்ளியைத் துடைக்கும் ஃபில்டர், மங்கலான சின்ன நட்சத்திரங்களையும் சேர்த்து விழுங்கியது. 'ஸ்டார் ஈட்டர்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒற்றைப் பிக்சல் அளவுள்ள நட்சத்திரத்துக்கும் கெட்ட பிக்சலுக்கும் ஃபில்டருக்கு வித்தியாசம் தெரியாது. நான் மட்டும் என்ன.

2 நவம்பர்

ஒரு மேடை நிகழ்ச்சியில் லேசர் நேராக லென்ஸுக்குள் அடித்ததாம், படம் முழுக்க ஒரு நெடுங்கோடும் சில புள்ளிகளும் என்கிறார் ஒருவர். அது நாம் இத்தனை நாள் பேசியது இல்லை. லேசர் சென்சாரைச் சுட்டுவிடும், ஒரு வரிசையே போய்விடும், மேப்பிங் பெரும்பாலும் காப்பாற்றாது. சென்சார் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு, அதே விலைக்குப் பழைய கேமரா கிடைக்குமா என்றும் பாருங்கள்.

11 பிப்ரவரி 2025, விடியற்காலை

தைப்பூசம். பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை அண்ணன் காவடியோடு நடக்கப் போகிறேன். கிளம்பும் முன் பழக்கத்தில் மூடி போட்டு 30 வினாடி ஒன்று எடுத்தேன். மேப்பிங் செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, புதிதாக நான்கு. இன்று எடுக்கப்போவது எதுவும் 1/125 வினாடியைவிட நீளாது. தேதி சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.